முகம் சென்டரைத் தாண்டிப் போய்ட்டு ஏன் திரும்புச்சு: ஒரு ஃபோட்டோ ஜூம்ல 17 கீஃப்ரேம் 6 ஆன கதை

ரிட்டயர் ஆகப்போற ஒரு டீச்சருக்காக அவங்களோட பழைய ஸ்டூடன்ட்ஸ் சேர்ந்து ஒரு வீடியோ பண்ணச் சொல்லியிருந்தாங்க. மொத்தம் பன்னிரண்டு நிமிஷம், அதுல உயிரே ஒரு எட்டு பத்து செகண்ட் ஷாட்தான். அவங்க முதன்முதலா பாடம் எடுத்த கிளாஸோட குரூப் ஃபோட்டோ. முழு ஃபோட்டோவும் ஒரு செகண்ட் தெரியணும், அப்புறம் மெல்ல டீச்சர் முகத்துக்கு ஜூம் ஆகணும், அங்க மூணு செகண்ட் நிக்கணும், அப்படியே நகர்ந்து அதே வரிசைல நிக்கற ஒரு பையன்கிட்ட போகணும், ஏன்னா அந்தப் பையன்தான் இன்னிக்கு வீடியோல பேச ஆரம்பிக்கிறவர்.

கேக்க ரொம்ப சிம்பிள். நாலு கீஃப்ரேம் வேலை (கீஃப்ரேம்னா, இந்த ஃபிரேம்ல படம் இந்த இடத்துல, இந்த அளவுல இருக்கணும்னு நாம வைக்கற குறி, நடுவுல இருக்கறத சாஃப்ட்வேரே நிரப்பிக்கும்). ஆனா அத அனுப்பினதும் கிளையன்ட் ஃபோன் பண்ணி சொன்னது இதுதான்: "தம்பி, நல்லா இருக்கு, ஆனா டீச்சர் முகத்துக்குப் போகும்போது முதல்ல வேற எங்கயோ போற மாதிரி இருக்கு, கடைசில அவங்களத் தாண்டிப் போய்ட்டு திரும்பி வருது. நின்னதுக்கு அப்புறமும் ஃபோட்டோ மிதக்குது. எனக்கு சொல்லத் தெரியல, பாத்தா ஒரு மாதிரி தலை சுத்துது."

சொல்லத் தெரியலன்னு சொன்னாரே தவிர அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அளந்து வச்ச மாதிரி சரியா இருந்துச்சு. அதனாலதான் இத முழுசா எழுதறேன், ஏன்னா இதே தப்ப நான் நிறைய பேர் வீடியோல பாக்கறேன், எல்லாரும் "ஈஸிங் சரியில்ல"ன்னு (அதாவது அசைவு மெல்ல கிளம்பி மெல்ல நிக்கற விதம் சரியில்லன்னு) சொல்லிட்டு கீஃப்ரேமை அங்கயும் இங்கயும் இழுத்துட்டு விட்டுடறாங்க.

முதல்ல நம்பர்ஸ் சொல்லிடறேன், அது இல்லாம மீதி புரியாது. டைம்லைன் 1920க்கு 1080, செகண்டுக்கு 25 ஃபிரேம். ஃபோட்டோ ஸ்கேன் 5760க்கு 3840. அகலத்துக்கு ஃபிட் பண்ணா ஸ்கேல் 33.3 சதவீதம், முடியும்போது 100 சதவீதம், அதாவது மூணு மடங்கு ஜூம். ஜூம் எடுக்கற நேரம் 4 செகண்ட், அதாவது சரியா 100 ஃபிரேம், இது கணக்குக்கு ரொம்ப வசதி. ஆரம்பத்துல டீச்சர் முகம் ஸ்கிரீன் சென்டர்ல இருந்து வலது பக்கம் 360 பிக்சல், மேல 140 பிக்சல் தள்ளி இருக்கு. முடியும்போது அது நட்ட நடு சென்டருக்கு வரணும்.

நான் பண்ணது: ஸ்கேலுக்கு ரெண்டு கீஃப்ரேம், பொசிஷனுக்கு நாலு கீஃப்ரேம் (ஆரம்பம், டீச்சர், டீச்சர்ல நிக்கறதோட முடிவு, பையன்). பொசிஷன் கீஃப்ரேம் எல்லாத்துக்கும் ரைட் கிளிக் பண்ணி ஈஸ் இன், ஈஸ் அவுட் போட்டேன். ஸ்கேலை அப்படியே லீனியரா, அதாவது ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே வேகத்துல விட்டேன். அப்போ என் மனசுல இருந்தது என்னன்னா, நகர்றது பொசிஷன், அதனால மென்மையா இருக்க வேண்டியது அதுதான், ஸ்கேல் பெருசாகிட்டே போகுது அவ்வளவுதானே. ப்ரிவியூல ஏதோ உறுத்துச்சு, உடனே வழில வழில பொசிஷன்ல எக்ஸ்ட்ரா கீஃப்ரேம் போட்டு முகத்தை இழுத்து இழுத்து நேராக்கப் பாத்தேன். அப்படி போட்டது மட்டும் 11. மொத்தம் 17. அதுல ஒவ்வொண்ணும் ஒரு சின்ன குலுக்கல சேத்துச்சு, ஏன்னா நடுவுல ஒரு கீஃப்ரேம் வச்சா அதுக்கு முன்னாடி ஒரு வேகம், பின்னாடி ஒரு வேகம்னு ஆகிடும், கண்ணு அந்த மாத்தத்த உடனே பிடிச்சுடும்.

கிளையன்ட் சொன்னதுக்கு அப்புறம் முதல் வேலையா அந்த 11ஐயும் அழிச்சேன். இது முக்கியம்னு நினைக்கறேன். ஒட்டு போட்டத எல்லாம் பிரிச்சாதான் கிழிசல் எங்கன்னு தெரியும். அடுத்து, இது ப்ளேபேக் திக்கறதா இல்ல நிஜமாவே அசைவுல தப்பான்னு பாக்க அந்த பத்து செகண்ட மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி ஒவ்வொரு ஃபிரேமா நகத்திப் பாத்தேன். எக்ஸ்போர்ட்லயும் அதே. சென்டர்ல ஒரு கைடு லைன் போட்டு டீச்சரோட மூக்கு நுனிய வச்சு ஃபாலோ பண்ணேன்.

இழுபறி

ஃபிரேம் 0ல முகம் சென்டருக்கு வலது பக்கம் 360 பிக்சல்ல இருக்கு. அது குறைஞ்சுகிட்டே வந்து 0 ஆகணும். ஆனா ஃபிரேம் 15ல அது 400ஐத் தாண்டி இருந்துச்சு! உள்ள வரவேண்டிய முகம் முதல்ல வெளிய போகுது. அப்புறம் வேகமா உள்ள வந்து, 72 73வது ஃபிரேம்லயே சென்டரைத் தாண்டி, ஃபிரேம் 85ல இடது பக்கம் நாப்பது பிக்சலுக்கு மேல போய்ட்டு, மிச்சம் 15 ஃபிரேம்ல திரும்பி வருது. கிளையன்ட் சொன்ன "வேற எங்கயோ போய்ட்டு", "தாண்டிப் போய்ட்டு திரும்பி" ரெண்டும் அப்படியே கண்ணு முன்னாடி.

ஏன் இப்படி? முகம் ஸ்கிரீன்ல எங்க தெரியுதுங்கறது ரெண்டு பேர் இழுக்கற கயிறு மாதிரி. ஆங்கர் பாயின்ட் (ஸ்கேல் பண்ணும்போது நகராம நிக்கற புள்ளி) ஃபோட்டோவோட நடுவுல இருக்கறதால, ஸ்கேல் பெருசாக ஆக முகம் நடுவுல இருந்து வெளிய தள்ளப்படுது. மூணு மடங்கு ஆகறதுக்குள்ள 360ல இருந்த முகத்த 1080க்கு தள்ளிடும், அதாவது 720 பிக்சல் வெளிய. பொசிஷன் அதே நேரத்துல 1080 பிக்சல் உள்ள இழுக்குது. கடைசில 360 கூட்டல் 720 கழித்தல் 1080, பூஜ்யம். ஆரம்பமும் முடிவும் கரெக்ட். நடுவுல? ரெண்டும் ஒரே வேகத்துல வேலை செஞ்சா எப்பவும் முகம் நேர் கோட்டுல உள்ள வரும். ஒண்ணு லீனியர், இன்னொண்ணு ஈஸ்னா, ஆரம்பத்துல ஸ்கேல் உடனே தள்ள ஆரம்பிச்சுடுது, பொசிஷன் இன்னும் தூக்கத்துல இருந்து எழுந்திருக்கல. கடைசில பொசிஷன் சீக்கிரமே வேலைய முடிச்சுட்டு நிக்குது, ஸ்கேல் இன்னும் தள்ளிகிட்டே வருது.

கணக்கு போட்டும் பாத்தேன். ஈஸ் கர்வ் (எந்த நேரத்துல எவ்வளவு அசைவு முடிஞ்சிருக்குன்னு காட்டற வளைகோடு) ஒவ்வொரு சாஃப்ட்வேர்லயும் கொஞ்சம் வித்தியாசப்படும், அதனால பொதுவா எடுத்துக்கற கர்வ் ஒண்ண எடுத்தேன்: நேரத்த 0ல இருந்து 1க்குள்ள வச்சுகிட்டு அதோட ஸ்கொயரை மூணால பெருக்கி, அதுல இருந்து க்யூபை ரெண்டால பெருக்கிக் கழிக்கணும். 15வது ஃபிரேம்ல லீனியர் ஸ்கேல் தன் வேலைல 15 சதவீதம் முடிச்சிருக்கும், 108 பிக்சல் தள்ளிடுச்சு. ஈஸ் போட்ட பொசிஷன் 6 சதவீதம்தான் முடிச்சிருக்கும், 66 பிக்சல்தான் இழுத்திருக்கு. 360 கூட்டல் 108 கழித்தல் 66, அதாவது 402. அதுதான் அந்த 42 பிக்சல் வெளிய போன கதை. 85வது ஃபிரேம்ல இதுவே கண்ணாடில பாத்த மாதிரி திரும்புது, முகம் இடது பக்கம் 42. நான் ஸ்கிரீன்ல அளந்ததும் இதுக்கு ரொம்ப பக்கத்துல இருந்துச்சு, அத பாத்தப்போ எனக்கு நிஜமாவே மனசு லேசாச்சு. ஏன்னா அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா நான் கர்வ் ஹேண்டிலை கண்ணால பாத்து இழுத்துட்டு இருந்தேன், எது எத மாத்துதுன்னே தெரியாம.

உடனடி தீர்வு ரெண்டுக்கும் ஒரே கர்வ். ஸ்கேல் கீஃப்ரேமுக்கும் அதே ஈஸ் போட்டதும் முகம் நேர் கோட்டுல வந்து நின்னுச்சு. கேடென்லைவ் சாஃப்ட்வேர்ல டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்ட்ல ஒரே கீஃப்ரேம்ல இடம், அளவு ரெண்டும் சேர்ந்தே இருக்கும், அதனால அங்க இந்தத் தப்பு சுலபமா வராது. பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மாதிரி பொசிஷனுக்கு தனி கீஃப்ரேம், ஸ்கேலுக்கு தனி கீஃப்ரேம்னு இருக்கற இடத்துலதான் ஒண்ண மறந்துட்டு இன்னொண்ணுக்கு மட்டும் ஈஸ் போட்டுடுவோம்.

ஆனா இதோட நான் நிறுத்தல, ஏன்னா ஸ்கேலோட ஃபீல் எனக்கு இன்னும் பிடிக்கல. ஸ்கேல் லீனியரா போனா கண்ணுக்கு சீரா தெரியாது. 33.3ல இருந்து 100க்கு நாலு செகண்ட்னா முதல் செகண்ட்ல 50, அப்புறம் 66.7, 83.3, 100. முதல் செகண்ட்ல படம் ஒண்ணரை மடங்கு ஆகுது, கடைசி செகண்ட்ல 1.2 மடங்குதான். ஆரம்பத்துல பாய்ஞ்சு கடைசில இழுத்துகிட்டு போற மாதிரி இருக்கும். கண்ணு பாக்கறது எவ்வளவு கூடுச்சுங்கறத இல்ல, எத்தன மடங்கு ஆச்சுங்கறத. சீரா தெரியணும்னா ஒவ்வொரு செகண்டும் ஒரே மடங்கு, இங்க சுமார் 1.316: 33.3, 43.9, 57.7, 76, 100. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல இதுக்குன்னே எக்ஸ்பொனென்ஷியல் ஸ்கேல்னு ஒரு கீஃப்ரேம் அசிஸ்டென்ட் இருக்கு. மத்த இடத்துல வெலாசிட்டி கிராஃப்ல முதல் கீஃப்ரேம் ஹேண்டில நீளமாவும் ரெண்டாவத குட்டையாவும் வச்சா கிட்டத்தட்ட வந்துடும். சிக்கல் என்னன்னா, ஸ்கேல் கர்வ இப்படி வளைச்சா பொசிஷன் கர்வையும் அதே மாதிரி துல்லியமா வளைக்கணும், இல்லன்னா மறுபடி இழுபறி.

இந்த முடிச்ச அவிழ்த்து விட்டது ஆங்கர் பாயின்ட்.

ஆங்கர் பாயின்ட்ங்கறது ஃபோட்டோவுல அடிச்ச ஆணி. ஸ்கேல் பண்ணும்போது எல்லாம் அந்த ஆணியச் சுத்தித்தான் விரியும், ஆணி மட்டும் நகராது. டிஃபால்ட்டா ஆணி நடுவுல இருக்கும். அத டீச்சர் முகத்துல அடிச்சுட்டா ஸ்கேல் அவங்க முகத்த தள்ளவே முடியாது, கயிற ஒரு ஆள் விட்டுட்டாரு. அப்புறம் முகம் எங்க தெரியணும்ங்கறத பொசிஷன் மட்டும்தான் தீர்மானிக்கும். ஸ்கேன்ல முகம் இருக்கற இடம் இடதுல இருந்து 3960, மேல இருந்து 1500. ஆங்கர்ல அத போட்டதும் படம் துள்ளி வேற இடத்துக்குப் போய்டும், பயப்பட வேண்டாம், பொசிஷன்ல முகம் ஸ்கிரீன்ல ஆரம்பத்துல இருந்த இடத்த குடுத்தா பழையபடி வந்து உக்காரும்: 1320, 400. முடிவு 960, 540, அதாவது சென்டர். அவ்வளவுதான், ரெண்டே கீஃப்ரேம், முகம் நேர் கோட்டுல வருது, ஸ்கேல எப்படி வேணா வளைச்சுக்கலாம். (இந்த நம்பர் முறை பிரீமியர்ல இருக்கற மாதிரி இடது மேல் மூலைல இருந்து எண்றது. ரிசால்வ் இன்ஸ்பெக்டர்ல சென்டர்தான் பூஜ்யம், அதுக்கேத்த மாதிரி மாத்திக்கணும்.)

எப்படி வேணான்னு சொன்னேன், அதுலயும் ஒரு எல்லை இருக்கு, அத உடனே தெரிஞ்சுகிட்டேன். ஆங்கர மாத்தின சந்தோஷத்துல ஸ்கேலுக்கு மட்டும் ஈஸ் போட்டு, புது பொசிஷன் கீஃப்ரேம லீனியராவே விட்டுட்டேன். ப்ளே பண்ணா முதல் பத்து ஃபிரேம் வலது ஓரத்துல ஒரு கருப்பு கோடு மின்னி மறையுது. 5வது ஃபிரேம்ல நிறுத்தி 400 சதவீதம் பெருசாக்கிப் பாத்தா சுமார் 9 பிக்சல் அகலத்துக்கு காலி. பொசிஷன் உடனே இடது பக்கம் நகர ஆரம்பிச்சு 18 பிக்சல் போயிருக்கு, ஸ்கேல் இன்னும் மெல்ல எழுந்திருக்கறதால வலது ஓரம் 9 பிக்சல்தான் விரிஞ்சிருக்கு. ஃபோட்டோ ஸ்கிரீன் அகலத்துக்கு இம்மியும் மிச்சமில்லாம ஃபிட் ஆன ஷாட்ல இது வரத்தான் செய்யும். பொசிஷனுக்கும் ஈஸ் போட்டதும் போச்சு. ஸ்கேல் கர்வ எக்ஸ்பொனென்ஷியல் மாதிரி வளைச்சதுக்கு அப்புறமும் அந்த முதல் பத்து ஃபிரேம மட்டும் தனியா நகத்திப் பாத்தேன், ஓரம் மூடித்தான் இருந்துச்சு. இத டிவில போடும்போது ஓரம் வெட்டுப்பட்டு தெரியாமப் போகலாம், ஆனா ஃபோன்ல பாக்கறவங்களுக்கு கண்டிப்பா தெரியும்.

நின்னதுக்கு அப்புறம் மிதந்தது

இது வேற வியாதி, வேற மருந்து. டீச்சர் முகத்துல மூணு செகண்ட் நிக்கணும்னு ஒரே வேல்யூ உள்ள ரெண்டு பொசிஷன் கீஃப்ரேம் வச்சிருந்தேன். ரெண்டும் ஒரே நம்பர், நடுவுல எப்படி நகரும்னு நாம நினைப்போம். நகரும்.

காரணம் என்னன்னா, பொசிஷன் கீஃப்ரேமுக்கு ரெண்டு விதமான இன்டர்பொலேஷன் இருக்கு. டெம்போரல்ங்கறது எப்போ எவ்வளவு வேகம்ங்கறது. ஸ்பேஷியல்ங்கறது ஸ்கிரீன்ல எந்தப் பாதைல போகுதுங்கறது. ஈஸ் இன், ஈஸ் அவுட் எல்லாம் டெம்போரல். ஸ்பேஷியல் டிஃபால்ட்டா ஆட்டோ பெசியர்ல இருக்கும், அதாவது பாதைய மூலை இல்லாம வளைவாக்கணும்னு சாஃப்ட்வேரே முடிவு பண்ணும். ஒரு வளைவு ஒரு புள்ளில எந்தத் திசைல போகணும்னு பக்கத்து புள்ளிகளப் பாத்துதான் தீர்மானிக்கும். டீச்சர்கிட்ட வந்து சேர்ற கீஃப்ரேம் ஆரம்பப் புள்ளியப் பாத்து "நான் இந்தத் திசைல வந்துட்டு இருக்கேன்"ங்குது, கிளம்பற கீஃப்ரேம் பையனப் பாத்து "நான் அந்தத் திசைல போகப் போறேன்"ங்குது, அதனால நடுவுல ஒரு சின்ன கண்ணி மாதிரி வளைஞ்சு போய்ட்டு வருது. எட்வின் கேட்மலும் ரஃபேல் ரோமும் 1974ல குடுத்த கேட்மல் ரோம் ஸ்ப்லைன்லயும் இதே குணம் உண்டு: ஒரு புள்ளில போற திசை, முந்தின புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்துல பாதி. புள்ளிகள் வழியா வளைவு கண்டிப்பா போகும், ஆனா நடுவுல தாண்டாதுன்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. வளைஞ்சு பறக்கற ஒரு பறவைய அனிமேட் பண்ண இது வரம், அசையாம நிக்க வேண்டிய முகத்துக்கு இதுதான் தலைவலி.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கீஃப்ரேம செலக்ட் பண்ணி ரைட் கிளிக்ல ஸ்பேஷியல் இன்டர்பொலேஷன் லீனியர். இன்னொண்ணு, நிக்க ஆரம்பிக்கிற கீஃப்ரேமுக்கு ஹோல்டு குடுக்கறது, அடுத்த கீஃப்ரேம் வர்ற வரைக்கும் வேல்யூ இம்மியும் மாறாது. நான் மூணாவதா ஒண்ணு பண்ணேன், அது இந்த ஷாட்டுக்கு இன்னும் சுத்தமா இருந்துச்சு: நிக்கற அந்த மூணு செகண்டுக்கு நடுவுல கிளிப்ப ரேசர்ல வெட்டிட்டேன். அசையாத இடத்துல வெட்டினா வெட்டு தெரியாது. முதல் துண்டுல ஜூம் மட்டும், ரெண்டாவது துண்டுல பையன்கிட்ட போறது மட்டும். முதல் துண்டோட வளைவுக்கு ரெண்டாவது துண்டப் பத்தி எதுவுமே தெரியாது. ஒண்ணு மட்டும் கவனிக்கணும், வெட்டினா ரெண்டு துண்டுலயும் எல்லா கீஃப்ரேமும் கண்ணுக்குத் தெரியாம ஓரத்துக்கு வெளிய உயிரோட இருக்கும், வேலையும் செய்யும். வேண்டாதத அழிச்சுடணும்.

பையன்கிட்ட போற பகுதி சுருக்கமா சொல்றேன். ஸ்கேல் மாறல, பொசிஷன் மட்டும் 1500 பிக்சல். ரெண்டு செகண்ட் குடுத்திருந்தேன், 50 ஃபிரேம்ல 1500, சராசரி ஃபிரேமுக்கு 30, ஈஸ் போட்டதால நடுவுல அது ஒண்ணரை மடங்காகி 45. செகண்டுக்கு 25 ஃபிரேம்ல ஒரு கூர்மையான ஃபோட்டோ ஃபிரேமுக்கு 45 பிக்சல் தாவினா முகங்கள் துடிக்கும், தலை சுத்துதுன்னு சொன்னதுல இதுக்கும் பங்கு இருக்கு. மூணு செகண்ட் ஆக்கினேன், உச்சம் 30க்கு இறங்குச்சு. கூடவே அந்த நகர்த்தல மோஷன்ல (கிளிப்போட வழக்கமான பொசிஷன், ஸ்கேல் இருக்கற இடம்) பண்ணாம டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்ட்ல பண்ணி ஷட்டர் ஆங்கிள் 180 குடுத்தேன். அப்போ ஃபிரேம் நேரத்துல பாதி அளவுக்கு, அதாவது உச்சத்துல 15 பிக்சல் மங்கல் வரும், கேமரா நகர்ந்த மாதிரியே கண்ணு ஏத்துக்கும்.

ஃபோட்டோ ஏன் மங்கலா இருந்துச்சு

இத கிளையன்ட் சொல்லல, நான் ஃபிரேம் ஃபிரேமா பாக்கும்போது கண்ணுல பட்டுச்சு. 5760 பிக்சல் ஸ்கேன் வச்சுகிட்டு டீச்சர் கண்ணோட இமை தெரியலன்னா எங்கயோ தப்பு. ஸ்கேல் வேல்யூவ பாத்ததும் தெரிஞ்சுச்சு. 33.3ல இருந்து 100னு மேல எழுதியிருக்கேன்ல, அது திருத்தினதுக்கு அப்புறம் வந்த நம்பர். என் முதல் வெர்ஷன்ல அது 118.5ல இருந்து 355.6ன்னு இருந்துச்சு. ஃபோட்டோவ டைம்லைன்ல போட்டதும் பழக்கத்துல "ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்" அடிச்சிருக்கேன். அது படத்த முதல்ல ஃபிரேமுக்குள்ள அடங்கற மாதிரி 1620க்கு 1080ஆ சுருக்கிடும், அந்தச் சுருங்கின படத்தத்தான் அப்புறம் 355 சதவீதம் ஊதிப் பெருசாக்குது. கடைசி ஃபிரேம்ல வெறும் 540 பிக்சல 1920க்கு இழுத்து வச்சிருக்கு. பக்கத்துலயே இருந்த "செட் டு ஃபிரேம் சைஸ்" ஸ்கேல் நம்பர மட்டும் மாத்தும், பிக்சலத் தொடாது. அத மாத்தினதும் இமை மட்டுமில்ல, அவங்க காதுல போட்டிருந்த சின்ன தோடு கூட தெரிஞ்சுச்சு. ஸ்கேல் 100ஐத் தாண்டி எங்கயாவது போகுதுன்னா ஒரு தடவ நிறுத்தி ஏன்னு பாருங்க.

திருத்தின வெர்ஷன் அனுப்பினேன். கிளையன்ட் ஜூம் பத்தி ஒரு வார்த்தை கூட பேசல. "அந்த தோடு டீச்சர் இப்பவும் போட்டிருக்காங்க தம்பி, நேத்துகூட பாத்தேன்"னு மட்டும் சொன்னாரு. ப்ராஜெக்ட்ல இப்போ அந்த ஷாட்டுக்கு முதல் துண்டுல பொசிஷன் ரெண்டு, ஸ்கேல் ரெண்டு, ரெண்டாவது துண்டுல பொசிஷன் ரெண்டு, ஆக மொத்தம் ஆறே கீஃப்ரேம்.